அடிக்கட்டையைப் பிடுங்குகிற எபிசோட்

போன போயா (பௌர்ணமி) லீவுக்குத் தம்பி கொழும்பிலிருந்து வந்திருந்தான். வரும்போதெல்லாம் ஒரு ஹார்ட் டிஸ்க் கொண்டு வருவான், அதில் நான் கேட்டதும் இருக்கும் கேட்காததும் இருக்கும். இந்த முறை சாப்பிட்டுக் கை கழுவினதும், "அக்கா, நீங்க சொன்னீங்கன்னுதான் வின்லாண்ட் சாகா ரெண்டாவது சீசன் போட்டேன். மூணு எபிசோடுக்கு மேல முடியல. ஒரே இழுவை. முதல் சீசன்ல எப்படிச் சண்டை! இதுல ரெண்டு பேர் மண்ணைக் கொத்திக்கிட்டே இருக்கானுங்க" என்றான். அன்று இரவு பன்னிரண்டு மணி வரைக்கும் வாதாடினோம். மறுநாள் விடியக் காலையில் அவன் தலவாக்கலையில் பஸ் ஏறிவிட்டான். எனக்குச் சொல்ல வேண்டியது பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது, அதைத்தான் இங்கே எழுதுகிறேன். வின்லாண்ட் சாகா ஒரு ஜப்பான் மாங்காவிலிருந்து, அதாவது படக்கதையிலிருந்து, எடுத்த அனிமே, வரைபடத் தொடர். அதன் கதையை முடிவு வரைக்கும் பேசப்போகிறேன். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

தம்பி மட்டும் அப்படிச் சொல்லவில்லை. 2023 ஜனவரியில் அந்த சீசன் வந்தபோதே நிறையப் பேர் இதைத்தான் சொன்னார்கள். முதல் சீசனில் வைக்கிங் கப்பல், கோடாரி, பழிவாங்கல் என்று 24 எபிசோடும் பறந்துவிட்டு, இரண்டாவதில் அதே கதாநாயகன் தோர்ஃபின் டென்மார்க்கில் ஒரு பண்ணையில் அடிமையாகக் காடு வெட்டிக்கொண்டிருந்தால் சண்டைக்காக வந்தவர்களுக்குக் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் இழுவை என்ற ஒரே சொல்லை நாம் இரண்டு வேறு விஷயங்களுக்குப் போடுகிறோம், எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

ஒரு இழுவை நேரத்தை நிரப்புவதற்காக வருவது. ஒன் பீஸ் அனிமே 1999 அக்டோபரில் தொடங்கி 1,100 எபிசோடைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. எனக்கு அந்தக் கதை உயிர், அதன் நாயகன் லூஃபியைப் பற்றி யாராவது ஒன்று சொன்னால் விடமாட்டேன். ஆனால் டிரெஸ்ரோசா பகுதியை மாங்காவில் படித்துவிட்டு அனிமேயில் பாருங்கள். மாங்காவில் 102 அத்தியாயம், அனிமேயில் 118 எபிசோட். ஒரு அத்தியாயம் இருபது பக்கத்துக்குள் முடிந்துவிடும். அதை வைத்து இருபது நிமிடத்தை ஓட்ட வேண்டும் என்றால் என்ன செய்வார்கள்? ஒருவன் கையை ஓங்குவான், சுற்றி நிற்கிற அத்தனை பேரின் முகமும் ஒவ்வொன்றாக வந்து வாயைப் பிளக்கும், போன வாரம் முடிந்த இடத்தை மறுபடியும் காட்டுவார்கள், அப்புறம்தான் அந்தக் கை இறங்கும். மாங்காவை எழுதுகிறவர் வாரம் ஒரு அத்தியாயம் கொடுத்தார், டீவிக்கும் அப்போது வாரம் ஒரு எபிசோட் வேண்டியிருந்தது, அவரை முந்திவிடவும் முடியாது. நருடோவில் வேறு வழியில் சமாளித்தார்கள். நண்பன் சசுகேயைத் திரும்பக் கூட்டி வரப் போகிற பகுதி 135ஆவது எபிசோடோடு முடிகிறது, அதற்குப் பிறகு 220 வரைக்கும் கிட்டத்தட்ட எல்லாமே மாங்காவில் இல்லாத கதை. சின்ன வயதில் எனக்கு அது தெரியாமல், ஏன் திடீரென்று எல்லோரும் இப்படி ஆகிவிட்டார்கள் என்று குழம்பிப்போய் ஒவ்வொரு எபிசோடாகப் பார்த்தேன்.

இந்தக் குறை முக்கியமாக அனிமேயின் குறை என்று நினைக்கிறேன். மாங்காவில் ஒரு பக்கத்தில் எவ்வளவு நேரம் நிற்பது என்பது என் கையில் இருக்கிறது. பிடிக்காவிட்டால் புரட்டிவிடுவேன், பிடித்தால் ஒரே படத்தைப் பத்து நிமிடம் பார்ப்பேன். அனிமேயில் நேரம் அவர்கள் கையில். அதனால் அவர்கள் எடுத்துக்கொள்கிற ஒவ்வொரு நிமிடத்துக்கும் நான் கணக்குக் கேட்பேன்.

வேகமும் குறையாக முடியும் என்பதற்கு ஃபுல்மெட்டல் அல்கெமிஸ்டைத்தான் சொல்வேன். ஹிரோமு அரகாவா 2001 முதல் 2010 வரை வரைந்த மாங்கா, 27 தொகுதி. அதை இரண்டு தடவை அனிமே எடுத்தார்கள். 2003இல் வந்தது பாதிக்கு மேல் தன் சொந்த வழியில் போய்விட்டது. 2009இல் வந்த பிரதர்ஹூட் 64 எபிசோடில் மாங்காவை முழுதாகச் சொல்லி முடித்தது. முழுக் கதையாகப் பார்த்தால் பிரதர்ஹூட்தான் மேல், நான் பார்த்ததில் இவ்வளவு சுத்தமாக முடிந்த நீளக் கதை வேறு இல்லை. ஆனால் ஹியூஸ் என்ற ராணுவ அதிகாரி சாகிற இடத்தை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். பிரதர்ஹூட்டில் பத்தாவது எபிசோடிலேயே அவர் போய்விடுகிறார். 2003 தொடரில் 25ஆவது எபிசோடில்தான். அதற்குள் அந்த மனிதர் மகளின் போட்டோவை எத்தனை தடவை எடுத்துக் காட்டியிருப்பார், எத்தனை தடவை நமக்கே சலித்திருக்கும்! அந்தச் சலிப்பு இருந்ததால்தான் அந்தச் சாவு அப்படி விழுந்தது. முதல் தடவை பார்த்துவிட்டு இரண்டு நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. பிரதர்ஹூட்டில் அழுகை வந்தது, போய்விட்டது.

சரி, வின்லாண்டுக்கு வருகிறேன்.

இரண்டாவது சீசனின் முதல் எபிசோடில் தோர்ஃபினைக் கிட்டத்தட்ட காணவே மாட்டோம். ஐனார் என்ற இங்கிலாந்து விவசாயி ஒருவன், அவன் ஊரை அழித்து, அம்மாவையும் தங்கச்சியையும் கொன்று, அவனைக் கொண்டுபோய் விற்கிறார்கள். கெட்டில் என்ற பண்ணைக்காரர் அவனை வாங்குகிறார். அங்கே ஏற்கெனவே அடிமையாக இருக்கிறவன்தான் தோர்ஃபின், அப்பாவைக் கொன்றவனைக் கொல்வதற்காக மட்டுமே வளர்ந்து, அந்த அஸ்கெலாட்டை வேறொருவன் கொன்றுவிட்டதால் உள்ளே ஒன்றுமே இல்லாமல் வெறுமையாகிப் போனவன். கெட்டில் இரண்டு பேருக்கும் ஒரு காட்டுத் துண்டைக் காட்டி, இதை வெட்டி வயலாக்கிக் கோதுமை போடுங்கள், விளைச்சலை நான் வாங்கிக்கொள்கிறேன், உங்கள் விலைக்கு ஈடான காசு சேர்ந்ததும் நீங்கள் போகலாம் என்கிறார்.

அப்புறம் அவர்கள் மரம் வெட்டுகிறார்கள். மரம் வெட்டினால் அடிக்கட்டை நிற்கும், அதைப் பிடுங்க வேண்டும். தம்பி நிறுத்தியது இந்த இடத்தில்தான்.

நான் இந்த எபிசோடுகளைப் பார்த்தபோது அப்பா பின்னால் கட்டிலில் சாய்ந்திருந்தார். அப்பா தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை செய்தவர். கவ்வாத்து வெட்டினார், கான் (வடிகால்) வெட்டினார், மருந்தடித்தார், பழைய தேயிலையைப் பிடுங்கிவிட்டுப் புதுக் கன்று நடுகிற மலையிலும் எத்தனையோ நாள் நின்றவர். என் கம்ப்யூட்டரில் ஓடுகிற எதையும் அவர் கவனிப்பது கிடையாது. அன்றைக்குத் திடீரென்று பின்னாலிருந்து குரல் வந்தது. "கையால இழுத்தா வருமா அது? சுத்தித் தோண்டணும். பக்க வேரை வெட்டி எடுத்துட்டு, அப்புறம்தான் ஆட்டிப் பாக்கணும்." நான் நிறுத்திவிட்டுத் திரும்பினேன். அவர் எழுந்து உட்கார்ந்திருந்தார். "தேயிலைத் தூருன்னாக்கூட அப்படித்தான். அவசரப்பட்டா இடுப்புதான் போகும்" என்று சொல்லிவிட்டு, "சரி போடு" என்றார். அதற்குப் பிறகு அந்த சீசன் முடியும் வரைக்கும் என் பக்கத்தில்தான் இருந்தார். அவருக்கு இங்கிலிஷ் சப்டைட்டில் ஓடாது, அதனால் நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன்.

அந்தக் கட்டை ஒன்றைப் பிடுங்க அவர்கள் படுகிற பாட்டைக் கதை குறைத்துச் சொல்லியிருந்தால், குதிரை கேட்டுப் போகிற இடம் ஒன்றுமே இல்லாமல் போயிருக்கும். பண்ணையில் கூலிக்கு இருக்கிற சுதந்திர ஆட்கள் அடிமைக்குக் குதிரை தரமாட்டோம் என்று விரட்டுகிறார்கள். தனியாக இருக்கிற ஒரு கிழவர், கெட்டிலின் அப்பா ஸ்வெர்கெல், என் வேலையைச் செய்து கொடுங்கள், குதிரையைக் கொண்டு போங்கள் என்கிறார். ஒரு குதிரை கிடைத்ததற்கு நானும் அப்பாவும் அப்படிச் சந்தோஷப்பட்டோம். இது நிரப்புகிற இழுவை கிடையாது. உழைப்புக்கு எவ்வளவு நேரம் பிடிக்குமோ அவ்வளவு நேரத்தை நம்மிடமும் வாங்கிக்கொள்வது. அந்த நேரத்தைக் கொடுத்ததால்தான், பொறாமையில் சிலர் ராத்திரியில் வந்து அந்தக் கோதுமைப் பயிரைப் பிடுங்கிப் போடும்போது வயிறு எரிகிறது.

அப்பா இன்னொன்றும் கேட்டார். கெட்டில் அந்த ஒப்பந்தத்தைச் சொல்கிற இடத்தை நான் மொழிபெயர்த்ததும், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தக் கணக்கு யாரு கையில இருக்கு?" என்றார்.

லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், பிறந்த யாருக்கும் இந்தக் கேள்வியை விளக்க வேண்டியதில்லை. அம்மா கொழுந்து எடுத்த காலத்தில் 18 கிலோ எடுத்தால்தான் ஒரு பேர், அதாவது முழு நாள் கூலி, குறைந்தால் அரைப்பேர். கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் தராசில் கூடையைத் தூக்கி வைத்ததும் தண்ணிக்கு ஒரு கிலோ, சாக்குக்கு ஒரு கிலோ என்று கழிப்பார்கள். அம்மா முகத்தைப் பார்த்தாலே இன்றைக்குப் பேரா அரைப்பேரா என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். அதற்கும் முந்தின காலத்தில் துண்டு என்று ஒன்று இருந்தது. ஒரு ஆள் தோட்டத்துக்கு, ஆள் சேர்த்து மேய்த்த கங்காணிக்கு எவ்வளவு கடன் என்று எழுதின காகிதம். அந்தக் கடனை இன்னொரு தோட்டம் கட்டினால்தான் அவன் அங்கே போக முடியும், போகும்போது கடனும் கூடவே போகும். எழுதப் படிக்கத் தெரியாதவனின் கடனை எழுதி வைத்திருந்தது வேறு ஒருவன். பதினோராம் நூற்றாண்டு டென்மார்க் அடிமையும் என் பூட்டனும் ஒன்று என்று நான் சொல்லவில்லை, அது வேறு இது வேறு. ஆனால் காட்டை வெட்டித் தோட்டமாக்கினவனுக்கு அந்த நிலத்தில் ஒரு பிடி மண் சொந்தமில்லை என்கிற இடத்துக்கு இந்த மாங்காவை எழுதின ஜப்பான்காரர் வந்து சேர்ந்திருக்கிறாரே என்று எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. அந்த சீசன் முடிந்தது 2023 ஜூனில். ஜூலைக் கடைசியில், மலையகத் தமிழர் இங்கே வந்து 200 வருஷம் ஆனதை நினைத்து, மலையகம் 200 நடைபயணம் தலைமன்னாரில் தொடங்கியது, நம் ஆட்கள் கோப்பித் தோட்டத்துக்கு நடந்து வந்த வழியிலேயே மாத்தளைக்கு. நான் கடைசி நாள் மாத்தளைக்குப் போய் நின்றேன். ரோட்டு ஓரத்தில் நிற்கும்போது அந்த அடிக்கட்டைதான் மனதில் வந்தது, ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பெரிய பலமாகத் தெரிவது கெட்டில். அவர் கொடுமைக்காரர் கிடையாது. மெல்லப் பேசுவார், அடிமைகளை மனிதராக நடத்துவார், சொன்ன வார்த்தையைக் காப்பாற்றப் பார்ப்பார். நம் பக்கம் பெரியவர்கள் இப்போதும் "அந்தத் துரை நல்ல துரை" என்று பழைய ஆட்களைச் சொல்வார்களே, அப்படி ஒருவர். அந்த நல்ல மனிதர், தனக்குச் சொந்தமான எல்லாம் கைவிட்டுப் போகிறது என்று தெரிந்த நாளில், ஓடப் பார்த்த அடிமைப் பெண் அர்ன்ஹைட்டை, வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவளை, கட்டையால் அடிக்கிறார். அவள் செத்துப்போகிறாள். ஒரு ஆளின் நல்ல மனதை நம்பி இன்னொரு ஆளின் உயிர் இருக்கிற நிலைமையே தப்பு என்பதை இவ்வளவு தெளிவாக வேறு எந்தத் தொடரிலும் நான் பார்க்கவில்லை. வில்லன் ஒருவனை வைத்திருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும், ஆனால் இந்த உண்மை வந்திருக்காது.

ஆனால் என் பெரிய வருத்தமும் அதே அர்ன்ஹைட்தான். கெட்டிலுக்கு அவ்வளவு நேரம் கொடுத்த கதாசிரியர் அவளுக்கு ஏன் கொடுக்கவில்லை? அவள் புருஷன் வருகிறான், சாகிறான், அவள் அடிபடுகிறாள், சாகிறாள், அந்தச் சாவைப் பார்த்து ஆண்கள் இரண்டு பேரும் எப்படி வாழ்வது என்று முடிவெடுக்கிறார்கள். அவள் பண்ணையில் என்ன வேலை செய்தாள், எத்தனை மணிக்கு எழுந்தாள், அவள் முதுகு எங்கே வலித்தது என்று நமக்குத் தெரியாது. தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர்கள் பெண்கள்தான். காலையில் பெரட்டுக்கு, வேலைக்கு ஆள் கூப்பிடுகிற இடத்துக்கு, போகுமுன் சமைத்து, பிள்ளையைத் தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான பிள்ளைக் காம்பராவில் விட்டு, சாயந்தரம் வந்து மறுபடி அடுப்பு மூட்டுகிறவர்கள். அப்படி ஒரு அம்மாவின் மகளாக எனக்கு இது பெரிய ஓட்டை. தோர்ஃபினின் ஒரு மண்வெட்டி வீச்சுக்குக் கொடுத்த கவனத்தில் கால்வாசி அவளுடைய ஒரு நாளுக்குக் கிடைத்திருந்தால் போதும்.

இன்னொரு குறை கடைசியில் வருகிற அந்த நூறு அடி. அரசன் கானூட்டோடு பேச அனுமதி கேட்டு, ஒரு முரடனிடம் நூறு குத்து வாங்கியும் விழாமல் நிற்கிறான் தோர்ஃபின். எனக்கு எதிரிகள் இல்லை என்று சொல்கிற இடம் அது, எல்லோரும் கொண்டாடுகிற இடம். எனக்கும் கண் கலங்கியது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இருபது எபிசோடாக மனித உடம்பு எவ்வளவுதான் தாங்கும் என்று காட்டிவிட்டு, கடைசியில் மட்டும் சண்டை மாங்காவின் உடம்பைக் கொண்டுவந்து வைத்தது எனக்கு ஒட்டவில்லை. அப்பாவும் "நூறா? பத்துல போயிருவான்" என்றுதான் சொன்னார். முப்பது அடியாக இருந்திருந்தாலும் அந்த வசனத்தின் பாரம் குறைந்திருக்காது.

முதல் சீசனைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. அஸ்கெலாட் பிரமாதமான பாத்திரம், தோர்ஃபின் திரும்பத் திரும்ப அவனைச் சவாலுக்கு இழுத்துத் தோற்பது ஒரு கட்டத்தில் சலிக்கிறது. மாங்கா நேராகப் போரில் தொடங்கிப் பிறகுதான் சின்ன வயதுக்குத் திரும்பும், அனிமே வரிசையாகக் குழந்தைப் பருவத்திலிருந்தே சொல்கிறது. இதில் அனிமேதான் சரி. தோர்ஃபினின் அப்பா தோர்ஸ் யார் என்று முதலிலேயே தெரிந்துவிடுவதால் மகன் எவ்வளவு தூரம் விலகிப் போய்விட்டான் என்று ஒவ்வொரு சண்டையிலும் உறுத்திக்கொண்டே இருக்கும். அதைத் தாண்டிவிட்டு நேராக இரண்டாவது சீசனுக்குப் போகிறேன் என்று யாரும் போகாதீர்கள்.

மாகோடோ யுகிமுரா இந்த மாங்காவை 2005இல் ஒரு வாராந்தர இதழில் தொடங்கி, அந்த வருஷக் கடைசியிலேயே மாத இதழுக்கு மாற்றிக்கொண்டு, அங்கே இருந்துதான் 2025இல் முடித்தார். என் எண்ணம், வாராந்தரத்திலேயே இருந்திருந்தால் இந்தப் பண்ணைக் கதை வந்தே இருக்காது. வாசகர் ஓட்டில் கீழே போனால் தொடரை நிறுத்திவிடுகிற உலகத்தில் கோதுமை முளைக்கிற வரைக்கும் யார் காத்திருப்பார்கள்? அவருடைய முந்தின மாங்கா பிளானடஸ் நாலே தொகுதிதான், அதிலும் வேலை செய்கிறவர்கள்தான் கதை: விண்வெளியில் உடைந்து மிதக்கிற குப்பையைப் பொறுக்குகிற ஆட்கள். அரகாவாவும் இப்படித்தான், ஹொக்கைடோவில் பால் பண்ணையில் வளர்ந்தவர், ஃபுல்மெட்டல் முடித்த கையோடு சில்வர் ஸ்பூன் என்று ஒரு விவசாயப் பள்ளிக்கூடக் கதையை எடுத்தார். அதில் ஒரு பையன் பன்றிக்குட்டிக்குப் பெயர் வைத்து வளர்த்து, அது கறியாகப் போகும் நாளில் அந்தக் கறியைத் தானே காசு கொடுத்து வாங்குவான். பேசுவதை விடச் செய்வதைக் காட்டத் தெரிந்தவர்கள் இவர்கள் இரண்டு பேரும்.

இதெல்லாம் தமிழில் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். சோலோ லெவலிங் தமிழ் டப்பிங்கில் வந்தது, தோட்டத்துப் பையன்கள் வரைக்கும் பார்த்தார்கள், எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் டப்பிங் என்றால் சண்டைத் தொடர்தான் முதலில் வருகிறது. வயதானவர்கள் பார்க்கக்கூடிய, பார்த்தால் விடாமல் பார்க்கக்கூடிய கதை இதோ இருக்கிறது. நம்பாதவர்களுக்கு எங்கள் அம்மாவைக் காட்டுவேன். அம்மா இளந்தாரியாக இருந்த காலத்தில் லயத்தில் ஒரே வீட்டில்தான் டீவி, அங்கே போய் ரூபவாஹினியில் ஓஷின் பார்த்திருக்கிறார், சிங்களத்தில். ஒரு மூட்டை அரிசிக்காகச் சின்னப் பிள்ளையை வேலைக்கு அனுப்புகிற அந்த ஜப்பான் நாடகத்தைப் பற்றி இன்றைக்கும் பேசுவார். இழுவை என்று ஒரு நாளும் அம்மா சொன்னதில்லை.

தம்பிக்கு இதில் பாதியைப் போனில் சொல்லிவிட்டேன். நேற்று ராத்திரி மெசேஜ் போட்டிருக்கிறான், ஐந்தாவது எபிசோடில் இருக்கிறானாம், இன்னும் சண்டை வரவில்லையாம். அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். "குதிரை கெடைச்சிருச்சான்னு கேளு" என்றார்.